நான் ‘இல்லை’ என்று எழுதிய கட்டம்

ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வயது போதாது. முப்பத்தைந்துதான். ஆனால் பதினைந்து ஆண்டுகள் ஒரே மேசையில் ஒரே வேலையைச் செய்துவிட்டு, கடைசியில் அந்த மேசையையும் ஆள் வைத்துத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தவளை வேறு எப்படிச் சொல்வது? கூலிமில் நான் குமாஸ்தாவாக இருந்த வழக்கறிஞர் அலுவலகத்தை எங்கள் மிஸ், அந்த வழக்கறிஞர் அம்மா, போன ஆண்டு மூடிவிட்டார். அவருக்கு எழுபத்திரண்டு வயது. வேறு இரண்டு அலுவலகங்கள் என்னை வேலைக்குக் கூப்பிட்டன. நான் போகவில்லை.

இதை எழுதக் காரணம் அதே தெருவில் இன்னொரு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்கள். கொடுத்த குடியுரிமையை அரசாங்கம் திரும்ப எடுப்பதைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்த அன்று எனக்குப் போன் செய்தார்கள்.

“அக்கா, நெசமாவே எடுத்துடுவாங்களாக்கா? இங்க ஒரு அம்மா வந்து உக்காந்து அழுவுறாங்க. என்னா சொல்றதுன்னே தெரியல.”

“முதல்ல தண்ணி குடுங்க. அப்புறம் அவங்க சொல்றத எழுதுங்க” என்றேன். “முழுசா எழுதுங்க.”

“அது தெரியும்லா அக்கா” என்றாள் ஒருத்தி. அவள் குரலில் இருபது வயதில் நான் பேசியது கேட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அம்மா சிறுவயதிலேயே ரப்பர் பால் வாளி தூக்கியவர். அப்பா எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டியவர். இருவருக்கும் பெருவிரல்தான் கையெழுத்து. நான் லூனாஸ் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் தொடங்கி, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். வரை படித்தேன். அதைச் சொல்லும்போது அன்றும் குரலைத் தாழ்த்தியதில்லை, இன்றும் தாழ்த்துவதில்லை. பத்தொன்பது வயதில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பேன். “கிராணியம்மா கெளம்பிட்டாங்க” என்று தோட்டத்து லயத்துப் பெண்கள் கேலி பேசுவார்கள்; கிராணி என்றால் தோட்ட அலுவலகக் குமாஸ்தா. அது கேலி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிடித்திருந்தது.

வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோப்புக்குத் துளை போட்டேன், தபால் ஒட்டினேன், தப்பாகத் தட்டச்சு செய்து திட்டு வாங்கினேன். ஆறு மாதத்தில் குடியுரிமை விண்ணப்பப் பாரங்கள் என் மேசைக்கு வந்துவிட்டன. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நாற்பது வருடம் இங்கேயே வாழ்ந்தவர்கள், இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கல்யாணம் கட்டி வந்த பெண்கள் என்று வாரத்துக்கு நான்கைந்து பேர் வருவார்கள். அவர்கள் தமிழில் சொல்வதை மலாயில் பாரத்தில் எழுதும் ஆள் நான்தான்.

மிஸ் யாழ்ப்பாணத்துக் குடும்பம், கிறிஸ்தவர். அப்பா ரயில்வேயில், அம்மா பள்ளிக்கூடத்தில், அண்ணன்மார் எல்லாம் அரசாங்க உத்தியோகத்தில். தோட்டத்துப் பெண் ஒருத்தியை இப்படிப்பட்டவர் எப்படி நடத்துவாரோ என்று பயந்துகொண்டுதான் சேர்ந்தேன். அவர் என்னைத் தாழ்த்தவுமில்லை, கொஞ்சவுமில்லை. முறைதான் அவருக்கு எல்லாம். வந்தவர் உட்காரும் வரை பேனாவை எடுக்கக் கூடாது. அவர் சொல்வதை முதலில் நீளமான கணக்குப் புத்தகம் ஒன்றில் அவர் சொன்னபடியே தமிழில் எழுத வேண்டும். பாரம் பிறகுதான். அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் மிஸ் முன்கூட்டியே பச்சை மையில் எண் போட்டு வைத்திருப்பார். பாரம் முடிந்ததும் வந்தவருக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் கீழே விரல் வைத்து.

“வெறும் கட்டத்தையும் வாசியும் பிள்ளை” என்பார். “எழுதினது சரியோ எண்டு அவருக்குத் தெரியும். எழுதாம விட்டதை நீர் சொன்னாத்தானே தெரியும்?”

எனக்கு அது வீண் வேலையாகப்பட்டது. காலியாக இருக்கும் கட்டத்தில் வாசிக்க என்ன இருக்கிறது?

வேலாயுதம் அண்ணன் வந்த நாள் மிஸ் அலோர்ஸ்டார் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். அண்ணன் சுங்கைப்பட்டாணியிலிருந்து ஐஸ் கட்டி ஏற்றி, தஞ்சோங் டாவாய், கோத்தா கோலா மூடா மீன்பிடித் துறைகளுக்கு லாரி ஓட்டுகிறவர். அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். கைக்குழந்தையாக இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர், சிவப்பு அட்டை. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் குடிமக்களின் நீல அட்டை.

“எதுக்குண்ணே இப்ப குடியுரிமை?” என்று கேட்டேன். பாரத்தில் அந்தக் கேள்வி உண்டு.

“ஓட்டு நாளு வந்தா எம் பொண்டாட்டிய ஸ்கூல் வாசல்ல எறக்கி விட்டுட்டு நான் லாரியிலயே உக்காந்துருக்கேன் தங்கச்சி. உள்ள எல்லாரும் கூட்டாளிங்க. ‘டேய், நீ வரலயா’ன்னு கேக்குறானுங்க. ஒவ்வொரு வாட்டியும் வயித்து வலின்னு சொல்லிச் சொல்லி, இப்ப நெசமாவே வயித்து வலி வந்துருச்சு.”

சிரித்துக்கொண்டே எழுதினேன். அடுத்து அம்மா பெயர் கேட்டபோது அவர் கொஞ்சம் தயங்கினார்.

“பாஸ்போர்ட்ல இருக்குறது எங்க பெரியம்மா பேரு. அவங்களுக்குப் புள்ள இல்ல. இங்கருந்து அவங்க ஊருக்குப் போனப்ப எங்கம்மா தன்னோட ரெண்டாவது புள்ளைய அக்கா மடியில வச்சிட்டாங்க. நாந்தான் அது. அப்பல்லாம் அப்படித்தான். கோயில்ல வச்சி மாலை போட்டதோட சரி, தாளு ஒண்ணும் கெடையாது. சொந்தப் புள்ளன்னு தன்னோட பாஸ்போர்ட்ல போட்டுக் கொண்டாந்துட்டாங்க. பெத்தவங்க ஊர்ல இருக்காங்க.”

தோட்டங்களில் இது புதுக்கதை இல்லை. என் அத்தை வீட்டிலேயே அப்படி வந்த பிள்ளை உண்டு. கணக்குப் புத்தகத்தில் எழுதினேன். பாரத்துக்கு வந்தபோது அவருடைய பத்திரங்கள் ஐந்தையும் பார்த்தேன். ஐந்திலும் பெரியம்மா பெயர்தான். தாளும் தாளும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போவதை எதற்குக் கலைப்பது?

“தங்கச்சி, பெத்தவங்க சங்கதி எங்கயாச்சும் எழுதணுமா?” என்று அவரேதான் கேட்டார்.

“அதெல்லாம் தேவையில்லண்ணே” என்றேன். அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் பழக்கப்படி கணக்குப் புத்தகத்தில் குறித்தேன்.

பாரத்தின் கடைசியில் ‘வேறு விவரங்கள்’ என்று ஒரு பெரிய கட்டம். அதில் மலாயில் ‘இல்லை’ என்று அழகாக எழுதினேன். வாசித்துக் காட்டும்போது அந்தக் கட்டத்தைத் தாண்டி நேராகக் கையெழுத்துக்கு வந்தேன். பள்ளிக்கூடம் போகாத அவர், நான் காட்டிய இடத்தில் தன் பெயரை மெதுவாகக் கிறுக்கினார். மறுநாள் மிஸ் “வாசிச்சுக் காட்டினீரோ?” என்று கேட்டார். “ஓம் மிஸ்” என்றேன், அவர் பேசுவது போலவே.

நான்கு வருடம் கழித்து அண்ணனுக்கு நீல அட்டை கிடைத்தது. மலாய் தேர்வில் மீன் பெயர்களாகச் சொல்லியே தப்பித்ததாகச் சொல்லிச் சிரித்தார். பழைய நாட்டின் குடியுரிமையைக் கைவிடுவதாக உறுதிமொழி எடுத்தார். அடுத்த தேர்தல் முடிந்து இரண்டு நாள் கழித்து, மை பூசிய விரலைத் தூக்கிப் பிடித்தபடி அலுவலகத்துக்குள் வந்தார். ஒரு கையில் பெரிய வஞ்சிரம் மீன், ஈயத்தாளில் சுற்றியிருந்தது. என் வேலையில் எனக்கு மிகவும் பெருமையாக இருந்த நாள் அதுதான்.

அதன்பின் எட்டு ஆண்டுகள். ஊரில் பெற்ற தாய் இறந்தார். இருந்த ஓட்டு வீட்டுக்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டுமென்று அங்கிருந்த அவர் தம்பி கேட்க, அண்ணன் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அந்தச் சான்றிதழில் அவர் அந்த அம்மாவின் மகன். அதன் நகலை யாரோ ஒரு மொட்டைக் கடிதத்தோடு அரசாங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது.

நோட்டீஸ் அரசாங்க அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயாவிலிருந்து வந்தது. இரண்டு பக்கம். தாயைப் பற்றிய முக்கியமான உண்மையை மறைத்துக் குடியுரிமை பெற்றதாகக் கருதப்படுகிறது; அதைப் பறிக்க அரசாங்கம் எண்ணியிருக்கிறது; விரும்பினால் விசாரணைக் குழு வேண்டும் என்று கேட்கலாம், இத்தனை நாட்களுக்குள். அதைக் கொண்டுவந்தது அண்ணன் இல்லை, அவர் மகள் புவனா. கூலிமில் தொழிற்சாலை வேலை. சீருடையோடு வந்திருந்தாள்.

“எங்கப்பாவுக்கு எழுதத் தெரியாது. நீங்கதான எழுதுனீங்க?” என்றாள்.

“ஆமா.”

“அவரு சொன்னாராம். நீங்க தேவையில்லன்னீங்களாம்.”

எனக்கு நினைவில்லை. ஆயிரக்கணக்கான பாரங்கள் எழுதியாகிவிட்டது. “அப்படிச் சொல்லிருக்க மாட்டேன் புவனா” என்றேன்.

“ரெண்டு வாரமா தூங்கல அவரு. ஐம்பத்தெட்டு வயசுல எந்த ஊருக்கு அனுப்புவாங்கன்னு கேக்குறாரு. அங்க போனா அவர யாருக்கும் தெரியாது. ‘நான் போய்ட்டா லாரிய வித்துடு’ங்குறாரு. உங்கள நம்பித்தான வந்தாரு? படிச்ச திமிரு உங்களுக்கு!”

கதவை அறையவில்லை. மெதுவாகச் சாத்திவிட்டுத்தான் போனாள்.

பழைய கணக்குப் புத்தகங்கள் பின்னறை அலமாரியில் இருந்தன. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் தேடினேன். பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. என் கையெழுத்து, இருபது வயதின் உருண்டைக் கையெழுத்து. ‘பெற்ற தாய் வேறு, ஊரில் இருக்கிறார். பெரியம்மாவுக்குக் கொடுத்த பிள்ளை. எழுத வேண்டுமா என்று கேட்டார்.’ அதற்குக் கீழே, இரண்டு கோடு போட்டு: ‘தேவையில்லை.’

கிழித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, ஆனாலும் நான் கிழிக்கவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மை என்னவென்றால் நான் அந்தத் தாளின் ஓரத்தைப் பிடித்தேன். பச்சை மையில் 112 என்று இருந்தது. 111க்குப் பிறகு 113 வந்தால் மிஸ் கேட்பார். கையை எடுத்தேன். அந்த லாரி நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவிட்டு வயிற்று வலி என்று பொய் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர். புத்தகத்தை எடுத்துக்கொண்டு மிஸ்ஸின் அறைக்குப் போனேன்.

மிஸ் இரண்டு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் கண்ணாடியைத் துடைப்பது அவர் வழக்கம்.

“நான் கேட்டனான் எல்லோ, வாசிச்சுக் காட்டினீரோ எண்டு?”

“கேட்டிங்க மிஸ்.”

“ஓம் எண்டு சொன்னீர்.”

“சொன்னேன்.”

அதற்கு மேல் திட்டவில்லை. சட்டப் புத்தகத்தை எடுத்து விரல் வைத்துக் காட்டினார். பாரத்தில் எழுதிக்கொடுத்துப் பெற்ற குடியுரிமையை இரண்டு விதமாகத் திரும்ப எடுக்கலாம். ஒருவர் ஏமாற்றியோ மறைத்தோ வாங்கியிருந்தால் ஒரு வழி. பிழையால் கொடுக்கப்பட்டிருந்தால் இன்னொரு வழி. பிழை என்றால், வேறெந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவராக ஆகிவிடக்கூடியவரிடமிருந்து எடுக்க முடியாது. மறைத்தார் என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அண்ணன் இந்தியக் குடியுரிமையைக் கைவிட்டு ஆண்டுகளாகிவிட்டன. அவருக்கு வேறு நாடு கிடையாது.

“அவர் மறைச்சாரோ, நீர் விட்டீரோ எண்டதுதான் வழக்கே” என்றார் மிஸ். “இந்தப் பக்கம் அவருக்கு உதவும். உமக்கு உதவாது. இனி இந்த வழக்கை நான் நடத்தேலாது. என்ரை அலுவலகத்தில நடந்த பிழை. நீர் சாட்சி.”

அன்று மாலையே கோப்பை அலோர்ஸ்டாரில் வேறொரு வழக்கறிஞரிடம் அனுப்பிவைத்தார். குழு கேட்டு மனுப்போட்டது அவர்தான். நான் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எத்தனையோ பேரைக் கூட்டிக்கொண்டு போன அதே சத்தியப் பிரமாண ஆணையரிடம்தான் போனேன். ஓய்வு பெற்ற போலீஸ் சார்ஜன், மலாய்க்காரர், பாதித் தமிழ் பேசுவார்.

“இன்னிக்கி யாரு தங்கச்சி? எங்க ஆளு?” என்று என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“நாந்தான் என்சிக்.”

கையிலிருந்த முத்திரையைக் கீழே வைத்துவிட்டார். தாளை முழுதாக வாசித்தார். வழக்கமாக அவர் வாசிப்பதில்லை. பிறகு வெறுமனே, “கை தூக்கு” என்றார்.

அலோர்ஸ்டார் வழக்கறிஞர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது: வேலைப் பளு, கவனக்குறைவு என்று சொல்லுங்கள், போதும். குழுவில் மூன்று பேர். தலைவர் முன்பு நீதிபதியாக இருந்தவர் என்றார்கள். கடுமையாகப் பேசவில்லை. நீளமான மேசை, தண்ணீர் போத்தல்கள், குளிர். புத்தகத்தின் பக்கத்தையும் அதன் மொழிபெயர்ப்பையும் பார்த்துவிட்டு, “அவர் கேட்டும் ஏன் எழுதவில்லை?” என்று மலாயில் கேட்டார்.

வேலைப் பளு என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அன்று எனக்கு வேலைப் பளு இல்லை. வெளியே நாற்காலியில் வேறு யாரும் காத்திருக்கவுமில்லை.

“எது முக்கியம், எது முக்கியமில்லை என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன் துவான்” என்றேன். “அவர் படிக்காதவர். நான் படித்தவள். அதனால் அவரைக் கேட்கவில்லை.”

அந்த வாக்கியத்தை மலாயில் சொல்வது தமிழில் எழுதுவதைவிட எளிதாக இருந்தது. படிக்காத என் அம்மா காதில் விழாத மொழி.

அண்ணனிடம் கேட்டார்கள்: உங்கள் தாய் யார்? அவருக்குத் தெரிந்த துறைமுகத்து மலாயில், “ரெண்டு பேரும்தான் துவான்” என்றார். ஒருவரைச் சொல்லுங்கள் என்றார்கள். அண்ணன் யோசித்தார். “ஒருத்தர மறைச்சேன்னுதான எனக்கு லெட்டர் வந்துச்சு? இப்ப ஒருத்தரத்தான் சொல்லணும்னா எப்படி துவான்?” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். தலைவர் எதையோ எழுதிக்கொண்டார்.

முடிவு வர எட்டு மாதமானது. அந்த எட்டு மாதத்தில் செய்தி எப்படியோ பரவிவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் குடியுரிமை வாங்கிக் கொடுத்தவர்களெல்லாம் பிளாஸ்டிக் பையில் தாள்களைத் திணித்துக்கொண்டு வந்தார்கள். தொழிற்சாலை கேண்டீனில் சமைக்கும் ஓர் அக்கா, இலங்கையிலிருந்து கல்யாணம் கட்டி வந்தவர், நீல அட்டையை என் மேசைமேல் வைத்தார்.

“கேக்குறதுக்கு முந்தி நாங்களா குடுத்துட்டா கோவிச்சுக்க மாட்டாங்கதானே?” என்றார்.

“உங்கள யாரும் கேக்கலயே அக்கா.”

“இன்னும் கேக்கல.”

அந்த ‘இன்னும்’ என்பதைத்தான் நான் விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நான் இங்கே பிறந்தவள். என் அட்டையை யாராவது கேட்டால் எங்கே வைத்தேன் என்று தேடுவேன். அவர்கள் எங்கே வைத்தோம் என்று தேடுவதே இல்லை. பொய்த் தாள் விற்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்படிக் கொடுக்கப்பட்டதை அரசாங்கம் கண்டுபிடிக்கக் கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த அதிகாரத்துக்கு வயதாவதில்லை. எட்டு வருடம் கழித்தும் வரலாம், இருபது வருடம் கழித்தும் வரலாம். வரும்போது அது தேடுவது ஒரு கட்டத்தை. அந்தக் கட்டத்தை யார் எழுதினார்கள், எதை விட்டார்கள் என்பது எழுதப்பட்டவரின் தலையில்தான் விடியும். அண்ணனுக்காவது ஒரு பக்கம் இருந்தது, பச்சை மையில் எண்ணோடு. புத்தகம் வைக்காத அலுவலகங்களில் எழுதிக்கொண்டவர்களுக்கு அதுவும் கிடையாது.

மிஸ் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. குடியுரிமைப் பாரங்களை மட்டும் தன் மேசைக்கு எடுத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அலுவலகத்தை மூடும் வரை நிலப்பத்திரமும் கோப்புமாக ஓட்டினேன். வேறிடத்துக்குப் போனால் மறுபடி அந்தப் பாரங்களைத்தான் என்னிடம் கொடுப்பார்கள், என் அனுபவத்துக்காக. இருபது வயதில் இருந்த தைரியம் இப்போது இல்லை. அது இல்லாதவரை நல்லது என்று மிஸ் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போதும் என்றுதான் தோன்றியது.

முடிவுக் கடிதம் நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தது. அவர் அதை அலோர்ஸ்டாருக்குக் கொண்டுபோகவில்லை, மகளிடமும் கொடுக்கவில்லை. உறையைக்கூடப் பிரிக்காமல் ஐஸ் லாரியிலேயே கூலிமுக்கு வந்துவிட்டார். லாரியிலிருந்து தண்ணீர் சொட்டி, அலுவலக வாசல் முழுக்க ஈரம். என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, “படி தங்கச்சி” என்றார்.

“புவனாகிட்டக் குடுத்திருக்கலாமேண்ணே. நானா?”

“நீதான எழுதுன? நீயே படி.”

உறையைப் பிரித்தேன். விரல் வைத்தேன். அனுப்பும் அலுவலகம், தேதி, கோப்பு எண், அவர் முழுப் பெயர் என்று எல்லாவற்றையும் வாசித்தேன். விசாரணைக் குழுவின் அறிக்கை கிடைத்தது. மறைக்கும் நோக்கம் நிறுவப்படவில்லை. குடியுரிமையைப் பறிக்கும் நடவடிக்கை தொடரப்படாது. அண்ணன் மூச்சை விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்திருக்கப் போனார்.

“இருங்கண்ணே, இன்னும் ஒரு வரி இருக்கு” என்றேன். “புதுசா ஏதாச்சும் தகவல் வந்தா மறுபடி பாக்குற உரிமைய அரசாங்கம் வச்சிக்கிதாம்.”

“அப்ப முடியலயா?”

“இது முடிஞ்சிருச்சு. ஆனா அந்த வரி இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

அவர் கடிதத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு தடித்த விரலால், கையெழுத்துக்கும் கீழே பாதித் தாள் வெள்ளையாகக் கிடந்த இடத்தைத் தொட்டார்.

“இங்க என்னா?”

“ஒண்ணும் இல்லண்ணே. வெறும் தாளு.”

“சரி” என்றார் அண்ணன், மறுபடி நாற்காலியில் சாய்ந்துகொண்டு. “இந்த வாட்டி அதையும் சொல்லிட்ட.”